எப்பாவல பொஸ்பேட்: பாறையின் குணம் பார்த்துத்தான் வழி தேர வேண்டும்
(வாசகர் கேள்வி – பதில்)

அனுராதபுர மாவட்டத்தில் உள்ள எப்பாவல பொஸ்பேட் படிவு பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் தொழில்நுட்பம் சார்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். இப்பக்கத்தில் "பொஸ்பரஸ் அளவு" என்று வருமிடமெல்லாம் பசளை வழக்கப்படி பொஸ்பரஸ் பென்டொக்சைட்டாகக் கணித்த அளவையே குறிக்கும்.

கேள்வி: எங்கள் நாட்டிலேயே 1971இல் கண்டுபிடித்த பொஸ்பேட் மலை இருக்கிறது. ஆனால் நெல்லுக்கு இன்றும் கப்பலில் வரும் ரி.எஸ்.பி. (மும்மைச் சூப்பர் பொஸ்பேட்) பசளைதான். எப்பாவல தூளை இன்னும் நுணுக்கமாக அரைத்தால் வயலுக்குப் போடலாம்தானே? – நெல் விவசாயி, கிளிநொச்சி

அரைப்பதால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் நெல்லுக்கு அது போதாது. காரணம் பாறையின் பிறப்பில் இருக்கிறது. எப்பாவல படிவு காபனடைட் என்ற தீப்பாறையிலிருந்து வந்தது. மொரோக்கோ, ஜோர்தான் போன்ற இடங்களில் கடலடியில் படிந்த பொஸ்பேட்டின் அபடைட் (பொஸ்பேட்டைத் தாங்கும் கனிமம்) பளிங்குகள் மிகச் சிறியவை. அவற்றுக்குள் பொஸ்பேட்டுக்குப் பதிலாகக் காபனேட் புகுந்து கட்டமைப்பைத் தளர்த்தியிருக்கும். எப்பாவலவின் அபடைட் பளிங்குகளோ பெரியவை, இறுக்கமானவை. காபனேட் புகுந்த அளவும் மிகக் குறைவு. 150 மைக்ரோனிலிருந்து 75 மைக்ரோனுக்கு அரைத்தால் மேற்பரப்பு இரண்டு மடங்காகும். ஆனால் பளிங்கின் உள்ளமைப்பு அப்படியேதான் இருக்கும். அத்துடன் அரைக்கும் மின்செலவு கூடும், விசிறும்போது தூள் காற்றில் போகும்.

பாறைத்தூள் கரைய மண்ணில் அமிலம் வேண்டும், மழை வேண்டும், காலமும் வேண்டும். மண்ணின் பீ.எச். 5.5க்குக் கீழே இருக்கும் தேயிலை, இறப்பர் நிலங்களிலும், பல வருடங்கள் நிற்கும் தென்னையிலும் இவை கிடைக்கின்றன. அதனால்தான் அரச நிறுவனமான லங்கா பொஸ்பேட் அரைத்து விற்கும் தூள் அங்கே செல்கிறது. நெற்பயிரின் வாழ்நாள் மூன்று, நான்கு மாதம். வயலில் நீர் கட்டினால் அமில மண்ணும் நடுநிலையை நோக்கி நகரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மேலுள்ள செம்மண்ணில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இந்தத் தூளைப் போடுவது மணலைப் போடுவதற்குச் சமம். நெல்லுக்கும் மரக்கறிக்கும் வேண்டுமென்றால் பாறையைத் தொழிற்சாலையில் உடைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: மேல்மட்டப் பாறையில் இரும்பு அதிகம் என்கிறார்கள். சுத்திகரிப்புக்கு எந்த ஒழுங்கில் படிமுறைகளை வைக்க வேண்டும்? – இரசாயனப் பொறியியல் மாணவி, பேராதனை

முதலில் இலக்கை ஓர் எண்ணாக எழுதி வையுங்கள். இரும்பு ஒட்சைட்டையும் அலுமினியம் ஒட்சைட்டையும் கூட்டிப் பொஸ்பரஸ் அளவால் வகுத்தால் 0.08 முதல் 0.10க்குள் வர வேண்டும். பொஸ்பரஸ் அளவு 36 வீதமுள்ள பாறையில் இரு ஒட்சைட்டும் சேர்ந்து 3 வீதம் என்றால் விகிதம் 0.083, ஏற்கலாம். அதே பாறையில் 5 வீதம் என்றால் 0.14. அதைக் கொண்டு எந்த அமிலப் பசளை செய்தாலும், கரைந்த பொஸ்பரஸ் களஞ்சியத்தில் கிடக்கும்போதே மீண்டும் இரும்புப் பொஸ்பேட்டாக மாறி நீரில் கரையாமல் போகும்.

எப்பாவலவின் மேற்பகுதி நீண்ட காலம் மழையில் கழுவுண்டு சிதைந்தது. கல்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) கரைந்து போக, அபடைட்டும் இரும்புக் களிமண்ணும் எஞ்சின. ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெளிர்பச்சைப் பளிங்குகளைச் சுற்றிக் காவி நிறப் பிசின் போலக் கோதைட் என்ற இரும்புக் கனிமம் ஒட்டியிருப்பது தெரியும். பளிங்கின் வெடிப்புகளுக்குள்ளும் அது ஓடியிருக்கும். வெறும் கழுவலில் சுற்றியுள்ள களி போகும், வெடிப்புக்குள் இருப்பது போகாது. படிமுறையின் ஒழுங்கை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

தாடை நொறுக்கியில் 25 மில்லிமீற்றர் வரை மட்டும் உடையுங்கள். அதற்கு மேல் நொறுக்கினால் களி முழுவதும் நுண்சேறாகி எல்லாத் துணிக்கையிலும் பூசிக்கொள்ளும். அடுத்துச் சுழல் உருளையில் பாறையும் நீரும் ஏறத்தாழச் சம எடையில் 5 முதல் 10 நிமிடம் உருட்டிக் கழுவி, நீர்ச்சுழிப் பிரிப்பானில் 20–30 மைக்ரோனுக்குக் கீழுள்ள சேற்றை அகற்றுங்கள். அந்தச் சேற்றின் பொஸ்பரஸ் அளவை ஒவ்வொரு ஓட்டத்திலும் பகுப்பாய்வு செய்யத் தவறாதீர்கள். இரண்டாம் நிலை அலுமினியப் பொஸ்பேட் கனிமங்கள் அதற்குள்தான் போகும். தேறிய பொருளின் தரம் உயர்ந்தது என்று மகிழும்போது மூலப்பொருளின் கணிசமான பங்கு சேற்றுக் குளத்தில் கிடக்கும். அதன்பின் 70 வீதத் திண்மத்துடன் உரசல் தொட்டியில் துணிக்கையைத் துணிக்கையோடு தேய்த்தால் மேற்பூச்சுக் கோதைட் உரியும். மீண்டும் சேறு நீக்கம் செய்ய வேண்டும்.

மக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமத்தைச் சாதாரண காந்த உருளையே பிடிக்கும். கோதைட்டுக்கு 1 டெஸ்லா அளவிலான ஈரநிலை வலுக்காந்தப் பிரிப்பான் தேவை. அடர்த்தியை நம்பிப் பிரிக்க முனையாதீர்கள்: அபடைட் 3.2, கோதைட் 3.3இலிருந்து மேலே. இடைவெளி போதாது.

சிதையாத அடிப்பாறையில் கல்சைட் எஞ்சியிருப்பதால் நுரைமிதப்பு (அபடைட்டை நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்தல்) வேண்டியிருக்கும். சேகரியாக (அபடைட்டை நுரையில் ஒட்டவைப்பது) ஒலெயிக் அமிலச் சவர்க்காரம், அடக்கியாக (வேண்டாத கனிமங்களை மிதக்கவிடாதது) சோடியம் சிலிக்கேட், பீ.எச். 9–10 என்பது பாடப்புத்தகச் செய்முறை. அனுராதபுரத்து நிலத்தடி நீர் கடினநீர் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. கல்சியம் அயன்கள் சவர்க்காரத்தைப் படிவாக்கி விழுங்கிவிடும். மீள்சுழற்சி நீரில் அவை சுற்றுக்குச் சுற்று கூடும். ஆய்வுகூடத்தில் வடிநீரில் கிடைத்த பெறுபேறு சுரங்கத்தில் கிடைக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சோதனையை முதல் நாளிலிருந்தே எப்பாவல கிணற்று நீரில் செய்யுங்கள்.

கேள்வி: சூப்பர் பொஸ்பேட் (எஸ்.எஸ்.பி.) ஆலை ஒன்று தொடங்க எண்ணம். ஒரு தொன் பாறைக்கு எவ்வளவு அமிலம், எவ்வளவு விளைச்சல், எங்கே தவறும்? – கைத்தொழில் முயற்சியாளர், திருகோணமலை

எப்பாவல பாறைக்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய வழி இதுதான் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஆகவே கணக்கை விரிவாகவே தருகிறோம்.

தூய அபடைட்டின் பொஸ்பரஸ் அளவு 42 வீதம். அதன் ஒரு தொன்னுக்கு 0.68 தொன் சல்பூரிக் அமிலம் வேண்டும். உங்கள் பாறை 36 வீதமானால் 580 கிலோ. எஞ்சிய கல்சைட்டுக்கும் இரும்புக்கும் சேர்த்து 600 கிலோ என்று வையுங்கள். 98 வீத அமிலமாக வாங்கினால் அது 612 கிலோ. அதை 68 வீதத்துக்கு இறக்க 270 கிலோ நீர் வேண்டும். எப்போதும் நீருக்குள்தான் அமிலம், மறுதலையாக அல்ல. ஆவியும் வாயுவும் போக, கையில் கிடைப்பது சுமார் 1,750 கிலோ, பொஸ்பரஸ் அளவு 20 வீதம். அதனுடன் 11 வீதமளவு கந்தகமும் பயிருக்குக் கிடைக்கிறது.

அமிலச் செறிவில் கவனம் வேண்டும். 75 வீதத்துக்கு மேல் போனால் துணிக்கையின் மேல் கல்சியம் சல்பேட் ஓடாகப் படிந்து உள்ளே அமிலம் புகாது. வெளியே ஈரமான பசை, உள்ளே தாக்கமுறாத பாறை. 60க்குக் கீழே போனால் கலவை இறுகாது. எப்பாவல அபடைட் மெதுவாகத் தாக்கமுறுவது. கடற்படிவுப் பாறைக்குப் போதுமான 100 மெஷ் (அங்குலத்துக்கு 100 துளையுள்ள சல்லடை) அரைப்பு இதற்குப் போதாது. 90 வீதமாவது 200 மெஷ் சல்லடையில் இறங்க வேண்டும். அமிலத்தை 60–70 பாகை செல்சியஸில் கொடுங்கள். கலப்பானில் ஒன்றிரண்டு நிமிடம், பின் இறுகும் அறையில் 30 முதல் 60 நிமிடம். வெளிவரும் கட்டியை வெட்டி, கூரையின் கீழ் மூன்று, நான்கு வாரம் குவித்துப் பழுக்க விடுங்கள். சூடான குவியலை ஆறு மீற்றர் உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் போகக் கூடாது. நடுவில் சூடு தங்கினால் இரும்புள்ள பாறையில் கரைந்த பொஸ்பரஸ் மீண்டும் கரையாத நிலைக்குப் பின்வாங்கும். ஐந்தாம் நாள் ஒருமுறை புரட்டிப் போடுங்கள்.

அமிலம் கூடினால் தூள் ஈரமாகவே இருக்கும், சாக்கின் தையல் உக்கும். குறைந்தால் தாக்கமுறாத பாறை மிஞ்சும். சுயாதீன அமிலம் (கட்டுப்படாமல் எஞ்சிய அமிலம்) 4 வீதத்துக்குக் கீழே வந்த பிறகே மூட்டை கட்டுங்கள். அவசரமென்றால் சிறிது பாறைத்தூளையோ டொலமைட்டையோ தூவிக் குறைக்கலாம். ஆனால் சுண்ணாம்பு அதிகமானால் நீரில் கரையும் பங்கு குறையும்.

குழாய் விடயத்தில் புதியவர்கள் வழமையாகச் சறுக்குவார்கள். 98 வீத அமிலத்தை, அது குளிர்ந்து மெதுவாக ஓடும் வரை, சாதாரண உருக்குத் தாங்கும். நீர் கலந்த 68 வீத அமிலம், அதுவும் 70 பாகையில், அதே உருக்கைச் சில நாட்களில் தின்றுவிடும். நீர் சேரும் இடத்திலிருந்து கலப்பான் வாய் வரை ரெப்லோன் பூசிய குழாய்களே வேண்டும்.

இனி வாயு. பாறையில் 2 வீதப் புளோரின் இருந்தால் தொன்னுக்கு 20 கிலோ. அதில் ஏறத்தாழக் கால்பங்கு இறுகும் அறையிலிருந்து வாயுவாக எழும். பாறையில் சிலிக்கா போதுமானால் அது சிலிக்கன் டெட்ராபுளோரைட், போதாவிட்டால் அதைவிட அபாயமான ஐதரசன் புளோரைட். கழுவிச் சுத்தமான எப்பாவல பாறையில் சிலிக்கா குறைவாக இருக்கக்கூடும். அப்போது நுண்மணல் சேர்ப்பது நல்லது. நீர் பட்டதும் டெட்ராபுளோரைட் வெண்ணிறச் சிலிக்காக் கூழாகிக் குழாயை அடைக்கும். ஆகவே நிரப்புத்துண்டுகள் அடுக்கிய கோபுரம் வேண்டாம்; திறந்த தெளிப்பு அறைகளைத் தொடராக மூன்று வையுங்கள், துப்புரவுக் கதவுடன். அந்த வரியில் கண்ணாடிப் பார்வைத் துளை எதையும் பொருத்தாதீர்கள், வாயு அதை மங்கலாக்கி அரிக்கும். இதற்கான முதலீட்டை "பிறகு பார்ப்போம்" என்று தள்ளி வைப்பவர்கள் ஆலை தொடங்கவே கூடாது. அயலில் தென்னை, வாழை, வீடுகள் எல்லாம் இருக்கின்றன.

கடைசியாகக் கந்தகம். ஒரு தொன் பாறைக்கு 200 கிலோ கந்தகம் போகிறது, அது இறக்குமதிதான். திருகோணமலைத் துறைமுகத்தில் கந்தகமாக இறக்கி அங்கேயே எரித்தால் ஒரு தொன் மூன்று தொன் அமிலமாகும், நீராவியும் கிடைக்கும். அமிலமாக இறக்கினால் கப்பற் கூலியில் மூன்று மடங்கு எடையைச் சுமக்கிறீர்கள், நீராவியும் இல்லை.

கேள்வி: அமிலத்தைப் பாதியாகக் குறைத்துச் செய்யும் முறை மலிவு அல்லவா? – அதே வாசகர்

மலிவுதான். 300 கிலோ அமிலத்தில் பாதி பொஸ்பரஸ் கரையும், மீதி மெதுவாக வரும். ஆனால் இரும்பு, அலுமினியம் அதிகமுள்ள பாறைக்கு இது பொருந்தாது. கரைந்த சிறு பங்கையும் அவை திருப்பிப் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன விகிதம் 0.10க்குள் வந்த கழுவிய பாறையில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: எஸ்.எஸ்.பி.யில் 20 வீதம், ரி.எஸ்.பி.யில் 46 வீதம். லொறிக் கூலியைப் பார்த்தால் ரி.எஸ்.பி. ஆலைதானே சரி? – வாசகர், வவுனியா

லொறிக் கூலி உண்மையான வாதம். ஆனால் ரி.எஸ்.பி.க்கு முன்னால் பொஸ்போரிக் அமில ஆலை ஒன்று வேண்டும். ரி.எஸ்.பி.யில் உள்ள பொஸ்பரஸில் 70 வீதம் அந்த அமிலத்திலிருந்தே வருகிறது. அந்த ஆலையில்தான் எப்பாவல பாறையின் இரண்டாவது குணம் குறுக்கே நிற்கிறது, குளோரின். உலகச் சந்தையில் விற்கும் பொஸ்பேட் பாறைகளில் உள்ளதைவிடப் பல மடங்கு குளோரின் இதில் உண்டு. அது அபடைட் பளிங்குக்குள் கட்டுண்டது. எந்தக் கழுவலிலும் போகாது. 75–80 பாகையில், புளோரைட்டும் சல்பூரிக் அமிலமும் கலந்த கூழில் பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு குளோரைட் சேர்ந்தாலே 316எல் துருவேறா உருக்குக் குழி விழுந்து அரிக்கப்படும். முதலில் போவது கலக்கியின் அலகும் பம்பியின் சுழலியும். நிக்கல் மிகுந்த கலப்புலோகங்களும் இறப்பர் பூசிய தொட்டிகளும் வேண்டும் என்றால் முதலீடு வேறொரு கணக்காகிவிடும். எஸ்.எஸ்.பி.யில் குளோரின் ஒரு பகுதி வாயுவாகத் தெளிப்பு அறைக்குப் போகும், மறு பகுதி பசளையில் தங்கும். நாள்முழுதும் சூடான குளோரைட் திரவம் சுற்றும் உபகரணம் அங்கே இல்லை.

மூன்றாவது, ஜிப்சம் (நீரேறிய கல்சியம் சல்பேட்). பொஸ்போரிக் அமிலத்தில் ஒரு தொன் பொஸ்பரஸ் அளவுக்குக் கோட்பாட்டின்படி 4 தொன், நடைமுறையில் 5 தொன் வரை ஜிப்சம் விழும். ஒரு தொன் ரி.எஸ்.பி.க்கு அது ஏறத்தாழ ஒன்றரைத் தொன். அமிலமும் புளோரைட்டும் ஊறிய அந்த மலையை எங்கே குவிப்பது? எப்பாவலவை ஒட்டி ஓடுவது ஜய கங்கை, கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டு செல்லும் பழைய கால்வாய். எஸ்.எஸ்.பி.யில் இந்த ஜிப்சம் பசளைக்குள்ளேயே வயலுக்குப் போய்விடுகிறது.

1990களில் அமெரிக்க நிறுவனமான பிரீபோர்ட் மக்மொரானுடன் போடவிருந்த ஒப்பந்தம் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் தடைப்பட்டது நினைவிருக்கும். முழுமையான கனிய ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் முதலில் என்பதே தீர்ப்பின் சாரம். பொறியியல் கண்ணால் பார்த்தாலும் அது சரியான வரிசைதான். படிவில் 6 கோடி தொன் என்ற மதிப்பீடு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதில் எத்தனை தொன் கழுவினால் தேறும், எத்தனை தொன்னில் குளோரின் எவ்வளவு என்று துளைக்கிணறு மாதிரிகளில் வலயம் வலயமாகத் தெரியாமல் அமில ஆலைக்கு அளவு குறிக்க முடியாது.

கேள்வி: ஆனையிறவு உப்பில் எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலம் எரிசோடாவும் குளோரினும் செய்தது. அந்த வழியில் ஐதரோகுளோரிக் அமிலம் செய்து பொஸ்பேட்டைக் கரைக்கலாமா? – ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர், பரந்தன்

கரைக்கலாம், நன்றாகவே கரையும். குளோரின் உள்ள பாறைக்கு இது இயல்பான வழி. தொட்டி, குழாய் எல்லாம் எப்படியும் இறப்பர் பூச்சிலும் பிளாஸ்டிக்கிலும்தான் இருக்கும். ஒரு தொன் தூய அபடைட்டை முழுதாகக் கரைக்க 32 வீத அமிலம் 2.3 தொன் வேண்டும். கரைசலை வடித்து, சுண்ணாம்புக்கல் தூளால் பீ.எச்.சை 2.5 அளவுக்கு உயர்த்தினால் இரும்பு, அலுமினியம், புளோரைட் பெரும்பாலும் முதலில் விழும். அந்த வண்டலை வடித்தெடுத்துவிட்டு, சுண்ணாம்புப் பாலால் 5 வரை உயர்த்தினால் இருகல்சியம் பொஸ்பேட் வெண்மையாகப் படியும். கால்நடைத் தீவனத்துக்குப் போகும் தரம் அது. விலையும் பசளையைவிட அதிகம். இரண்டாம் கட்டத்தில் சுண்ணாம்பை ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே பீ.எச். எகிறி மீண்டும் அபடைட்டே படியும். மெதுவாக, நன்கு கலக்கிச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லுக்கு வடக்கில் பஞ்சமில்லை என்றாலும் அகழ்வதில் நிலத்தடி நீரைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இடையூறு கழிவில்தான். ஒரு தொன் அபடைட்டுக்கு 1.1 தொன் கல்சியம் குளோரைட் கரைசலாக வெளியேறும். இதை நிலத்தில் விட்டால் கிணறு உவர்க்கும். களப்பில் விட்டால் மீன்வளம் கெடும். வாங்குபவர் இல்லாத கல்சியம் குளோரைட்டுக்கு ஆலை அமைக்க முடியாது. ஆகவே பசளைக்காக இவ்வழியைப் பரிந்துரைக்க மாட்டோம். சிறு அளவில் தீவனப் பொஸ்பேட்டுக்கு, கழிவுக்கு முன்கூட்டியே வழி கண்டுவிட்டால், ஏற்கலாம்.

கேள்வி: அமிலமே இல்லாமல் உருக்கிச் செய்யும் பசளை உண்டா? – வாசகர், மாத்தளை

உண்டு. பாறையை மக்னீசியம் சிலிக்கேட் கனிமத்துடன் 1,400 பாகைக்கு மேல் உருக்கி, நீரில் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடித் துகளாகும். பொஸ்பரஸ் அளவு 18–20 வீதம், சித்திரிக் அமிலத்தில் கரையும், அமில மண்ணுக்கு அருமையான பசளை. குளிர்விப்பு தாமதித்தால் அபடைட் மீண்டும் பளிங்காகி உழைப்பு வீணாகும். அத்தகைய கனிமமான சர்ப்பந்தைன் பாறையுள்ள உஸ்ஸங்கொட தேசியப் பூங்கா, அதில் கைவைக்க இயலாது. உங்கள் பக்கத்து டொலமைட்டும் படிகக்கல்லும் மக்னீசியம், சிலிக்கா இரண்டையும் தரும். தடையாக நிற்பது மின்கட்டணம்.

கேள்வி: உயர்தர மாணவர்களைக் கொண்டு பாறைத்தூளின் கரைதிறனை அளக்க விரும்புகிறோம். எப்படி? – இரசாயனவியல் ஆசிரியர், மட்டக்களப்பு

150 மைக்ரோன் சல்லடையில் இறங்கிய தூள் 1.000 கிராம், 2 வீதச் சித்திரிக் அமிலம் 100 மில்லிலீற்றர், ஒரு மணி நேரம் குலுக்கல், உடனே வடிகட்டல். வடிதிரவத்தில் வனேடோமொலிப்டேட் (பொஸ்பேட்டுடன் சேர்ந்து மஞ்சளாகும் சோதனைப்பொருள்) தரும் மஞ்சள் நிறத்தை 420 நனோமீற்றரில் அளக்கலாம். நியமக் கரைசலுக்கு 0.2195 கிராம் பொட்டாசியம் இருஐதரசன் பொஸ்பேட்டை ஒரு லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 50 மில்லிகிராம் பொஸ்பரஸ். இதை 2.29ஆல் பெருக்கினால் பென்டொக்சைட்.

மூன்று இடத்தில் பிழைக்கும். சித்திரேட் மொலிப்டேட்டைப் பிடித்து நிறத்தைக் குறைக்கும். ஆகவே நியமக் குடுவைகள் ஒவ்வொன்றிலும் மாதிரியில் உள்ள அதே அளவு சித்திரிக் அமிலம் சேருங்கள். எப்பாவல தூளின் இரும்பு தானே மஞ்சளாகத் தெரியும்; மொலிப்டேட் சேர்க்காத மாதிரி ஒன்றை வெற்றாக அளந்து கழியுங்கள். குடுவையைச் சவர்க்காரத்தூளால் கழுவினால் அதிலுள்ள பொஸ்பேட்டே அளவைக் கூட்டிவிடும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் அலசுங்கள்.

பெறுபேற்றை எழுதும்போது பாறையின் எடையில் வீதமா, மொத்தப் பொஸ்பரஸில் வீதமா என்று குறிப்பிடச் சொல்லுங்கள். 36 வீதப் பாறையில் 5 வீதம் கரைந்தால் அது மொத்தத்தில் 14 வீதம். இரண்டு எண்ணும் சரியானவையே, ஆனால் எது எதுவென்று எழுதாத அட்டவணையை வேறொரு பாறையுடன் ஒப்பிட முடியாது.